நேசம் சரவணமுத்து – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

இலங்கைச் சட்டசபைக்குத் தெரிவான முதல் தமிழ்ப்பெண் என்று நேசம் சரவணமுத்துவைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். கணவரின் வெற்றி வழக்கில் போனதால்தானே அவர் வந்தார்? கணவர் நிற்க முடியாத இடத்தில் மனைவியை நிறுத்துவது இன்றைக்கும் நடப்பதுதான். இதில் கொண்டாட என்ன இருக்கிறது?

ஒரு வாசகர், மட்டக்களப்பு

அன்புள்ள தம்பி,

சரி, வந்த வழி அதுதான், மறைக்கவில்லை. 1931 பொதுத்தேர்தலில் கொழும்பு வடக்கில் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து வென்றார், தேர்தல் மனு போட்டார்கள், பதவி பறிபோனதோடு அவர் திரும்ப நிற்கவும் முடியாமல் போனது. 1932 இடைத்தேர்தலில் மனைவி நின்றார், வென்றார்.

ஆனால் அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 21 வயதான பெண்களுக்கெல்லாம் வாக்குரிமை வந்து ஒரு வருஷம்தான். பொதுத்தேர்தலில் ஒரு பெண்கூட வெல்லவில்லை. முதலில் உள்ளே போன அடலின் மொலமுரேயும் தகப்பன் இறந்து காலியான ருவன்வெல்லை இடைத்தேர்தலில்தான் வந்தார். அப்பா விட்ட இடம், புருஷன் இழந்த இடம், இப்படித்தான் முதல் இரண்டு பெண்களும் நுழைந்தார்கள். வட மாகாணத்திலோ தேர்தல் பகிஷ்கரிப்பால் நாலு தொகுதிகள் 1934 வரை காலியாகக் கிடந்தன. அந்த நேரத்தில்தான் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் கலந்து வாழ்ந்த கொழும்பு வடக்கு ஒரு தமிழ்ப்பெண்ணை அனுப்பியது. அப்போது புள்ளடி போடுவதில்லை, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு மனுஷி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அப்புறம் 1936. அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். பொதுத்தேர்தலில் அதே தொகுதியில் திரும்பவும் வென்று, 1941இல் சாகும்வரை உறுப்பினராக இருந்தார். கணவர் 1937இல் கொழும்பின் முதல் மேயரானபோதும் சட்டசபையில் இருந்தது இவர்தான். பஸ்ஸில் லேஞ்சி போட்டு இடம் பிடிப்பதுபோலப் புருஷனுக்காக வந்தவர் என்றால், ஒன்பது வருஷம் எதற்கு?

கணவரின் சகோதரர் பாக்கியசோதியின் பெயரில் கொழும்பில் மைதானமே இருக்கிறது. இலங்கையின் முதல் டெஸ்ட் 1982இல் நடந்த இடம் என்று கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைகளுக்கும் தெரியும். நேசம் என்று சொன்னால் யார் என்று கேட்கிறார்கள். எனக்கு வலிப்பது அதுதான், அதனால்தான் எழுதினேன்.

அன்புடன்,
அண்ணா