குளத்து நீர்த்தெள்ளு: கேட்டவையும் பதில்களும்

இரணைமடுவில் வலை போடும் அண்ணர்: நீர்த்தெள்ளு கண்ணுக்குத் தெரியுமா?

தெரியும் அண்ணை. கண்ணாடிப் போத்தலில் குளத்துத் தண்ணீரை அள்ளி காலை வெயிலுக்கு நேரே பிடியுங்கள். தத்தித் தத்தி ஏறி இறங்கும் வெளிறிய புள்ளிகள்தான், இறாலுக்கு உறவான சின்னஞ்சிறு உயிரி. அது பாசியைத் தின்னும், அதை மீன்குஞ்சு தின்னும்.

முல்லைத்தீவு ஆசிரியை: அமெரிக்க ஏரிகளைக் கெடுத்த நீர்த்தெள்ளு எங்கிருந்து போனது?

இரண்டு இனம், ரீச்சர். முள்வால் நீர்த்தெள்ளு 1980களில் கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றும் நிறைநீரோடு ஐரோப்பாவிலிருந்து பேரேரிகளுக்குப் போனது. அது மற்றத் தெள்ளுகளையே பிடித்துத் தின்னும். விஸ்கொன்சினில் உள்ள மெண்டோட்டா ஏரியில் 2009இல் அது பெருகியது. பாசி தின்னும் டப்னியா என்ற பெரிய நீர்த்தெள்ளு குறைந்தது, தண்ணீரும் கலங்கிப்போனது.

மற்றது டப்னியா லும்ஹோல்ட்சி. ஆபிரிக்கா, தெற்காசியா, அவுஸ்திரேலியா என்று எங்களைப் போன்ற வெப்ப நாடுகளின் இனம் அது. 1990களின் தொடக்கத்தில் ரெக்சாசில் கண்டுபிடித்தார்கள். எங்கள் பக்கத்துச் சாதி அங்கே அந்நியமாகிவிட்டது.

வவுனியாவிலிருந்து ஒரு மாணவன்: அது அங்குள்ளதைவிட அதிகம் தின்று வென்றதா?

இல்லை தம்பி, இதைத்தான் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். மீன் இல்லாத தொட்டியில் இரண்டையும் சேர்த்து விட்டால் அமெரிக்க டப்னியாதான் முந்தும். மீன் இருந்தால் கதை மாறும். லும்ஹோல்ட்சிக்குத் தலையில் கூரான கவசம், பின்னால் நீண்ட முள். மீனின் வாடை தண்ணீரில் கலந்தாலே அடுத்து வரும் குஞ்சுகளுக்கு முள் இன்னும் நீளும். சின்ன மீன்குஞ்சு விழுங்கப் பார்த்துத் துப்பிவிடும். அடுத்தது சூடு. கோடை முற்றி அங்குள்ள டப்னியா சுருங்கும் நேரத்தில்தான் இது பெருகும். ஆக, போட்டியைத் தீர்மானிப்பது வாய் மட்டுமல்ல. மீனும் வெயிலும் சேர்ந்துதான்.

அதே மாணவன்: எங்கள் குளங்களில் பெரிய தெள்ளு ஏன் குறைவு?

மீன் பெரியதைத்தான் முதலில் பொறுக்கும். 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியாவும் குஞ்சாக இருக்கையில் இவற்றைத் தின்னும். மிஞ்சுவது மொய்னா போன்ற சிறியவை.

கட்டுக்கரைக்குளத்துப் பக்கம் வயல் செய்யும் ஐயா: ஆவணியில் குளம் வற்றினால் எல்லாம் செத்துவிடுமே?

உயிரோடு இருப்பது சாகும் ஐயா, முட்டை சாகாது. கஷ்டகாலம் வரும்போது டப்னியாவின் முதுகில் குதிரைச் சேணம் போலக் கறுப்பாக ஒன்று தெரியும். உள்ளே இரண்டு முட்டை. சேற்றோடு காய்ந்து கிடந்து மாரிமழைக்குப் பொரிக்கும். லும்ஹோல்ட்சியை 1885இல் விவரித்த நோர்வேக்காரர் சார்ஸ், அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த காய்ந்த சேற்றை நனைத்துத்தான் அதை வளர்த்தெடுத்தார்!

இரணைமடு அண்ணர்: அப்ப இவை வேறு குளத்துக்குப் பரவாமலிருக்க வலையைக் காயவைத்தால் போதாதா?

முள்வாலுக்குப் போதும், அதன் முட்டை காய்ந்துபோனால் தாங்காது. டப்னியாவுக்குப் போதாது. வேறு குளத்துக்குப் போகுமுன் வலையிலும் வள்ளத்திலும் ஒட்டிய சேற்றை அந்தக் கரையிலேயே கழுவிவிட்டு, அப்புறம் காயவிடுங்கள். தொட்டி மீன் வளர்ப்பவர்களும் பழைய தண்ணீரைக் குளத்தில் ஊற்றாமல் மரத்தடியில் ஊற்றுங்கள்.