கேள்வி-பதில்: வரி ஏறும் முன் வாங்கிவிடலாமா?

இந்த வாரம் வந்ததில் பாதிக்கு மேல் 'மெஷர் ஏ' என்ற வரி ஓட்டைப் பற்றிய கடிதங்கள். தெரியாதவர்களுக்கு: கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுன்டியில் விற்பனை வரியை 0.625 சதவீதம் ஏற்றலாமா என்று நவம்பர் 4, 2025 அன்று ஓட்டு. ஐந்து வருடத்துக்கு மட்டும். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் மத்திய அரசு கைவைத்ததால் கவுன்டி ஆஸ்பத்திரிகளுக்கு விழும் துண்டை இதை வைத்துச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். அங்குள்ள சான் ஹோசே நகரில் 9.375 சதவீதமாக இருப்பது 10 ஆகும். (இதை எழுதியது ஓட்டுக்கு முன். பிறகு மெஷர் ஏ ஜெயித்து, புது வரி ஏப்ரல் 2026இல் வந்துவிட்டது.)

நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். ஓட்டு இல்லை, வரி மட்டும் உண்டா?

உண்டு. ஆனால் கவுன்டி மேற்பார்வையாளர் கூட்டத்தில் பேச ஓட்டுரிமை தேவையில்லை. போய் மைக்கைப் பிடியுங்கள்.

அரிசி பருப்பு விலையும் ஏறுமா?

அவற்றுக்கு வரியே கிடையாது. காய்கறி, பால், டாக்டர் எழுதித் தரும் மருந்து, குழந்தை டயப்பர், எதற்கும் இல்லை. குக்கருக்கு உண்டு. சமோசாவைச் சூடாகக் கட்டிக்கொடுத்தால் வரி, உறைந்த பாக்கெட்டாக வாங்கினால் இல்லை.

வேறு கவுன்டியில் இருக்கும் டிரேசி ஊர்ப் பக்கம் வரி குறைவாமே. அங்கே போய் கார் வாங்கினால் லாபம்தானே?

இதை எத்தனை முறை எழுதுவது? காருக்கு வரி நீங்கள் பதிவு செய்யும் முகவரிப்படி. டிரேசி வரை போய்வந்த பெட்ரோல்தான் மிச்சம். 40,000 டாலர் காருக்கு இந்த ஏற்றத்தால் கூடுவது 250 டாலர். அதற்கு இவ்வளவு திட்டம் போடுகிறவர்கள், டீலர் பில்லில் சேர்க்கும் பெயின்ட் பாதுகாப்புக்கு 900 டாலரை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறார்கள். பழைய காரை மாற்றிக் கொடுத்தாலும் இந்த மாநிலத்தில் வரி புதுக் காரின் முழு விலைக்குத்தான்.

நானும் யோக்கியன் இல்லை. விற்பனை வரியே இல்லாத ஓரிகனுக்குப் போன இடத்தில் லேப்டாப் வாங்கி வந்து பெருமையடித்தேன். அப்புறம்தான் இப்படி வெளியே வாங்கிவந்த பொருளுக்கு வரி கட்டவென்றே கலிபோர்னியா வருமான வரிப் படிவத்தில் ஒரு கட்டம் இருப்பதைப் பார்த்தேன். கட்டினேன்.

போன் இலவசம் என்றார்கள், கடையில் 90 டாலருக்கு மேல் வரி கேட்டார்கள். ஏமாற்றா?

சட்டப்படி இல்லை. ஆனால் என் பழைய புண்ணில் கைவைத்துவிட்டீர்கள். இந்த மாநிலத்தில் செல்போன் திட்டத்தோடு போனைச் சேர்த்து விற்றால், தள்ளுபடி விலைக்கு அல்ல, தனியாக விற்கும் முழு விலைக்கு வரி. 1,000 டாலர் போன் 'சும்மா' வந்தாலும் சான் ஹோசேயில் 93 டாலர் 75 சென்ட். எனக்கும் அப்படித்தான் ஆனது. கவுன்டரில் பையன் சிரித்துக்கொண்டே கார்டு மெஷினைத் திருப்பினான், பின்னால் வரிசை நின்றது, நான் கார்டைத் தேய்த்தேன். வாசலில் ஆளுயரத்துக்கு 'இலவசம்' என்று பலகை, வரி விவரம் அதன் காலடியில் எறும்பெழுத்தில். அந்த 'இலவசம்' 36 மாதம் பில்லில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவது. நான் 14ஆம் மாதம் கம்பெனி மாறினேன், மீதி 22 மாதக் காசை ஒரே பில்லில் கேட்டார்கள். வரி ஏறினால் இந்த 'இலவசத்துக்கு' நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 6 டாலர் 25 சென்ட். கோபப்பட வேண்டியது எதற்கு என்று நீங்களே பாருங்கள்.

"அடுத்த வாரம் வரி ஏறுகிறது, இன்றே கட்டுங்கள்" என்று சொல்லி 3,200 டாலர் சோபாவுக்கு 1,000 முன்பணம் வாங்கிவிட்டார்கள். மறுநாளே வேறு கடையில் அதே சோபா 600 குறைவு. பணம் திரும்பாது என்கிறார்கள்.

அம்மா, உங்கள் மேல் தப்பில்லை. அவர் சொன்னது பொய். ஓட்டில் ஜெயித்தாலும் ஏப்ரல் 2026க்கு முன் புது வரி வராது. வந்தாலும் உங்கள் சோபாவுக்குக் கூடுவது 20 டாலர்.

பணம் திருப்பித் தரமாட்டோம் என்பதைக் கடையில் கண்ணில் படும்படி எழுதி வைத்திருக்க வேண்டும். கல்லா, வாசல், விலைச்சீட்டு, ஆர்டர் படிவம் எல்லாவற்றையும் பாருங்கள். எங்கும் இல்லையென்றால், வாங்கிய 30 நாளுக்குள் திருப்பிக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. துணி, அளவு சொல்லிச் செய்யச் சொன்னதென்றால் இது பொருந்தாது. எப்படியிருந்தாலும் விற்பனையாளர் சொன்னதைத் தேதியோடு எழுதி இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் பேச வேண்டாம். மசியவில்லையென்றால் சிறு வழக்கு நீதிமன்றம். தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும் என்று என்ன உத்தரவாதம்?

சட்டப்படி எதுவும் இல்லை. குறிப்பிட்ட செலவுக்கான வரி என்றால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பொது வரி என்று வைத்ததால் பாதிக்கு மேல் வந்தாலே போதும்.

வரி ஏறும் முன் கிஃப்ட் கார்டு வாங்கிக் குவிக்கலாமா?

கிஃப்ட் கார்டு வாங்கும்போது வரி இல்லை, அதைக் கொடுத்துப் பொருள் வாங்கும் அன்றைக்குத்தான் வரி. எத்தனை வாங்கிவிட்டீர்கள்?