நூல் முறுக்கிக்கொள்வது பற்றி

உங்கள் பதிவைப் படித்தேன். பாட்டியின் பருத்திப் புடவைகளை அடுக்கிப் போர்வை தைக்கிறீர்கள், பத்துத் தையலுக்கு ஒருமுறை நூல் சிக்கி முடிச்சாகிறது என்கிறீர்கள். ஊசி மாற்றிப் பயனில்லை, சிக்கல் நூலில்தான்.

ஒரு கை நீளம் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது ரொம்ப அதிகம். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, சுமார் 18 அங்குலம் போதும். அடிக்கடி ஊசி கோக்கச் சோம்பலாக இருக்கும்தான். ஆனால் நீள நூல் ஒவ்வொரு தையலிலும் துணிக்குள் உரசிப் பிசிறு கிளம்பும், அந்தப் பிசிறுதான் சிக்கும்.

ரீலிலிருந்து முதலில் வரும் முனையை ஊசியில் கோத்து, கடைசியாக வெட்டிய முனையில் முடிச்சுப் போடுங்கள்.

அடுத்தது மெழுகு. நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு கேளுங்கள். மெழுகுவத்தி வேண்டாம், உதிரும். நூலைக் கட்டைவிரலால் மெழுகின்மேல் அழுத்தி இரண்டு மூன்று முறை இழுத்து, இரண்டு காகிதங்களுக்கு நடுவே வைத்து இஸ்திரிப் பெட்டியை ஓட்டுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டு, வெளிர் புடவையில் மெழுகுக் கறை படிந்தது. பாலியஸ்டர் நூலானால் சூடு குறைவாக இருக்கட்டும்.

இரட்டை நூலில் தைத்தால் இரு முனைகளையும் தனித்தனியே முடியுங்கள். அப்படியும் முறுக்கினால் ஊசியைத் தொங்கவிடுங்கள், தானே சுழன்று பிரிந்துவிடும்.