எல்லா டெஸ்டும் நார்மல், ஆனாலும் குழந்தை இல்லை. ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தால் பயன் உண்டா?

கல்யாணமாகி நாலு வருடம், இரண்டு பேருக்கும் எல்லா டெஸ்டும் நார்மல், காரணம் தெரியவில்லை என்கிறார் டாக்டர், இதற்கென்று ஆன்லைனில் நடக்கும் வகுப்பில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவில் என்று வேறு போட்டிருக்கிறீர்கள். நான் தக்கலை பக்கம், அதனால் எழுதுகிறேன்.

சேரலாம். ஆனால் எங்கள் வகுப்புக்கு வந்தால் கரு தங்கும் என்று எவராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தவர். கல்யாணமான மூன்று வருடத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது மொத்தமே ஏழு மாதம். ஊர்க்கணக்கில் அது மூன்று வருடம்தான். மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைவிழாவுக்குப் போனால் அங்கேயும் "விசேஷம் உண்டா?" அவர் வேலையை விட்டு ஊரோடு வந்து ஒரு வருடம் தாண்டிய பிறகுதான் டாக்டரிடம் போனோம். எனக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாயில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. அவருக்கு விந்துப் பரிசோதனை. எல்லாம் நார்மல். ரிப்போர்ட்டைப் பார்த்து மாமி, அதாவது என் மாமியார், கேட்டார்கள்: "எல்லாம் சரின்னா பின்ன என்னதான் கொறை மக்ளே?" எனக்குப் பதில் தெரியவில்லை. டாக்டர் எங்களுக்கு ஒதுக்கியது நாலு நிமிடம், வெளியே இருபது பேர்.

அப்புறம்தான் திருவனந்தபுரத்தில் இருக்கும் ஒரு ஆலோசகர் ஆன்லைனில் நடத்திய வகுப்பில் சேர்ந்தோம். ஆறு ஞாயிற்றுக்கிழமை, இரவு எட்டரை மணி. அறைக்கதவைச் சாத்திவிட்டு, போனைப் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்து, இயர்போனில் ஒரு பக்கம் அவர் காதில், ஒரு பக்கம் என் காதில். கேமரா கிடையாது, பெயருக்குப் பதில் ஒரு எழுத்து.

மாமியின் கேள்விக்கு முதல் வாரமே பதில் கிடைத்தது. வழக்கமான டெஸ்டுகள் பார்ப்பது மூன்றே விஷயம்: முட்டை வெளியாகிறதா, குழாய் திறந்திருக்கிறதா, விந்து போதுமானதா. முட்டையின் தரம், இரண்டும் சேர்ந்து கரு ஆவது, அது கர்ப்பப்பையில் ஒட்டுவது, இதெல்லாம் அந்த டெஸ்டுகளில் தெரியாது. ஆக, காரணம் இல்லை என்பதல்ல, இந்த டெஸ்டுகளுக்கு எட்டவில்லை என்பதுதான். சரி, யார்மேல் குறை என்ற பேச்சு எங்கள் வீட்டில் அன்றோடு பாதி குறைந்தது.

நாள் கணக்கும் அங்கேதான் புரிந்தது. பதினாலாம் நாள், பதினாலாம் நாள் என்று ஒரு வருடம் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன். எனக்கு மாதவிலக்கு வருவது 33 நாளுக்கு ஒருமுறை. முட்டை வெளியாவது அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு, அப்படியானால் எனக்குப் பத்தொன்பதாம் நாள் வாக்கில். அந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் வாய்ப்புள்ள நாட்கள். இதனால்தான் எங்களுக்குத் தங்கவில்லை என்று சொல்ல வரவில்லை, ஆனால் டாக்டர் யாரும் இதை உட்கார்த்தி வைத்துச் சொன்னதில்லை.

மூன்றாம் வாரம், அதுவரை வாயே திறக்காத என் வீட்டுக்காரர் மைக்கை ஆன் செய்து, "தினமும் மார்த்தாண்டம் கடைக்குப் பைக்கில் போறேன், அதனால இருக்குமோ?" என்றார். ரிப்போர்ட் நார்மல் என்றால் பைக் கவலையை விடுங்கள், சிகரெட்டைப் பார்ப்போம் என்று பதில் வந்தது. அவர் புகைப்பது எனக்கே அன்றுதான் தெரியும்! அதற்கு ஒரு தனிச் சண்டை நடந்தது.

பணம் மிச்சமான கதையும் உண்டு. ஒரு மையத்தில் நேரே ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்து லேபில் கரு உண்டாக்குவது) போகலாம், கூடவே விந்தணுவின் டிஎன்ஏ சிதைந்திருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டும் எடுங்கள் என்றார்கள். காரணம் தெரியாத குழந்தையின்மைக்கு 2023-ல் வந்த ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல், முதலில் முட்டை வளர மருந்து கொடுத்து ஐயூஐ (விந்தைக் கர்ப்பப்பைக்குள் நேரே செலுத்துவது) என்கிறது. விந்துப் பரிசோதனை நார்மலாக இருந்தால் அந்த டிஎன்ஏ டெஸ்ட் வேண்டாம் என்கிறது. வகுப்பில் கேட்டதை வைத்துக் கேள்வி கேட்டோம், அவர்களுக்குப் பிடிக்கவில்லை, வேறு இடம் மாறினோம். நம் நாட்டில் 2021 சட்டப்படி இந்தச் சிகிச்சை தரும் மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், பலன் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று ஆலோசனையும் தர வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

வகுப்போடு வந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் விலகிவிட்டேன். காலையில் கண்ணைத் திறந்தால் கர்ப்ப டெஸ்டில் இரண்டு கோடு வந்த யாரோ ஒருவரின் படம். வாழ்த்தவும் மனசு வரவில்லை, வாழ்த்தாமலும் இருக்க முடியவில்லை. பொடி, லேகியம் விற்பவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். அவர் மட்டும் ஆண்கள் குழுவில் இன்னும் இருக்கிறார்.

இரண்டு ஐயூஐ முடிந்தது, இன்னும் தங்கவில்லை. குழந்தை பிறந்தால் கொல்லங்கோடு அம்மன் கோயிலில் தூக்கத் தேரில் ஏற்றுவதாக (தூக்க நேர்ச்சை) மாமி நேர்ந்திருக்கிறார்கள், நான் தடுக்கவில்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் சித்தி அதே கேள்வியைக் கேட்க, நான் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். "சிகிச்சை நடக்கு சித்தி, தங்கினா சொல்லுவோம்" என்றார் இவர், போளியைப் பிய்த்துக்கொண்டே. சித்தி பிரதமன் கேட்கத் திரும்பிவிட்டார்.

வயதை நீங்கள் எழுதவில்லை. உங்கள் இருவரில் மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் முதலில் டாக்டரிடம் நாள் வாங்குங்கள், வகுப்பு அதோடு சேர்ந்து நடக்கட்டும்.