மழை ரோட்டுல எந்த மோடு போடறது? கேளுங்க, சொல்றேன்

வணக்கமுங்க. பொள்ளாச்சியில 22 வருசமா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி வால்பாறையில எஸ்டேட் ஜீப் ஓட்டினேன். மலையில மழை புடிச்சிருச்சு, லீவு நாள்ல எல்லாரும் மேல போறீங்க, அதனால கார்ல ரோட்டுக்குத் தக்க மாத்தற டிரைவ் மோடு பத்தி ஊர் ஊரா நீங்க கேட்டதுக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்.

திருப்பூர்: ஏனுங்ணா, கிரெட்டா கார்ல ஸ்னோ (பனி), மட் (சேறு), சேண்டுன்னு (மணல்) மூணு மோடு இருக்குது. நம்மூர்ல ஏதுங்க ஸ்னோ?

பேரைப் பாத்து அத ஒதுக்கிறாதீங்க தம்பி. வழுக்கற ரோட்டுக்குன்னு வச்சதுதான் அது. அதப் போட்டா ஆக்சிலேட்டர மிதிச்சாலும் வண்டி சட்டுனு பாயாது, வீல் லேசா சுத்துனாலே பவரக் கொறச்சுரும். ஈரத் தார் ரோட்டுக்கு அதான் வேணும். மட், சேண்டு ரெண்டும் அதுக்கு எதிரு, சேத்துல மணல்ல வீல் கொஞ்சம் சுத்துனாத்தான் வண்டி வெளிய வரும்னு சுத்த விடும், தார் ரோட்டுல அதப் போடக்கூடாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, எந்த மோடும் பிரேக் புடிக்கற தூரத்தக் கொறைக்காது. பிடிமானம் டயர்ல இருக்குது, மோடு ஆக்சிலேட்டர்ல இருக்கற உங்க காலைத்தான் அடக்குது.

ஈரோடு: ஹாரியர் கார்ல வெட் (ஈர ரோடு) மோடு எப்பப் போடறதுங்க?

தூறல் ஆரம்பிக்கறப்பவே. மொத மழையிலதான் ரோட்டுல கெடக்கற ஆயிலும் தூசியும் சேந்து ரொம்ப வழுக்கும். மழை விட்டாலும் ரோடு காயற வரைக்கும் எடுக்காதீங்க.

உடுமலை: அண்ணா, மஹிந்திரா தார் ஜீப் 4x4 வச்சிருக்கேன். அடிவாரம் ஆழியாறுலயே 4ஹெச் (நாலு வீலுக்கும் பவர்) போட்டுட்டு வால்பாறைக்கு 40 கொண்டை ஊசியும் ஏறிறலாமா?

வேண்டாம் தம்பி. வளைவுல முன்வீல் பெரிய வட்டம் போகும், பின்வீல் சின்ன வட்டம் போகும். 4ஹெச் போட்டா முன்னாடியும் பின்னாடியும் ஒரே வேகத்துல சுத்தியாகணும், வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃபரன்சியல் உங்க வண்டியில நடுவுல கெடையாது. சேத்து ரோட்டுல டயர் வழுக்கிக் கொடுத்துரும். காஞ்ச தார்ல வழுக்க வழியில்ல, ஸ்டீயரிங் கல்லு மாதிரி எறுகும், அடியில கடக் கடக்குன்னு சத்தம் வரும், அத்தனையும் கியருக்குத்தான் கேடு. ஈரத் தார்ல வேற மாதிரி, வளைவுல நீங்க திருப்பத் திருப்ப மூஞ்சி வெளிப்பக்கமாப் போகும். வால்பாறை ரோட்டுல கொஞ்ச தூரம் ஈரம், கொஞ்ச தூரம் காஞ்சு கெடக்கும், அதனால 2ஹெச்லயே (ரெண்டு வீலுக்கு மட்டும் பவர்) போங்க, ஆக்சிலேட்டர்ல காலு மெதுவா. எஸ்டேட் மண் ரோட்டுல எறங்கறப்ப 4ஹெச் போடுங்க. அப்பறம், நாலு வீல்ல ஓடறதால பிரேக் நல்லாப் புடிக்கும்னு நெனைக்காதீங்க, எல்லாக் காருக்கும் பிரேக் நாலு வீல்லயும்தான்.

கோவை: மழைக்கு ஈகோ மோடு (எண்ணெய் மிச்சம் புடிக்கற மோடு) போதுமாண்ணா?

வெட், ஸ்னோ எதுவும் இல்லாத வண்டின்னா ஈகோ பரவால்ல, அதுலயும் வண்டி சட்டுனு பாயாது.

காங்கேயம்: எறக்கத்துல நியூட்ரல் போட்டா டீசல் மிச்சமுங்க. எங்கப்பா லாரியில 30 வருசம் அப்படித்தான் ஓட்டினாரு.

அப்பா அனுபவத்துக்கு மரியாதை தாரேனுங்க, ஆனா இதுல ஒத்துக்க மாட்டேன். இப்ப வர்ற இன்ஜெக்‌ஷன் வண்டியில கியர்ல இருந்துட்டே காலை எடுத்தா டீசலே போகாது, வீல்தான் இன்ஜினச் சுத்துது. நியூட்ரல்ல போட்டாத்தான் இன்ஜின் நிக்காம இருக்கறதுக்கு டீசல் குடிக்கும்.

காங்கேயம்: அப்படிப் பாத்தாலும் கொஞ்சூண்டுதானுங்களே. என்ன ஆயிறப் போகுது?

என்ன ஆகும்னு சொல்றேனுங்க. நியூட்ரல்ல இன்ஜின் இழுத்துப் புடிக்காது, பாரம் பூரா பிரேக்குல விழும். போன வருசம் ஒரு குடும்பம் மேல இருந்து நியூட்ரல்லயே எறங்கி வந்தாங்க, அட்டகட்டி தாண்டும்போதே கருகற வாசம் வந்துச்சாம், ஆழியாறு கிட்ட வர்றப்ப பிரேக் பெடல் தரை வரைக்கும் போயிருச்சு, நல்ல வேளை சமதளம். என்கிட்ட வந்தப்போ பிரேக் டிஸ்க் சூட்டுல நீலம் பாஞ்சு கெடந்துச்சு, பேடு மேல விரல் வச்சா மாவா உதுந்துச்சு. பின்சீட்டுல ரெண்டு கொழந்தைங்க தூங்கிட்டு இருந்துச்சுங்க. இதப் பாத்த பொறவு நியூட்ரல்னு யார் சொன்னாலும் நான் சும்மா இருக்க மாட்டேன். எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அந்தக் கியர்ல எறங்குங்க. ஆட்டோமேட்டிக்னா மேனுவலுக்கு மாத்தி ரெண்டாவதுல வைங்க. கியரக் கொறைக்கறத வளைவுக்கு முன்னாடியே முடிச்சுருங்க, ஈரத்துல நடு வளைவுல சடார்னு கொறைச்சா வீல் இழுத்துட்டுப் போயிரும்.

தாராபுரம்: நியூட்ரல் போடலாமாங்க?

மேல இருக்கறதப் படிங்க. போடக்கூடாது.

கோபி: நெக்ஸான் இவி, எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கேனுங்க. ரீஜென் (காலை எடுத்தா மோட்டாரே வண்டிய இழுத்துப் புடிச்சு பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தறது) எவ்வளவு வைக்கறது?

இதக் கேட்டதுக்கு சந்தோசமுங்க, யாரும் கேக்கறதில்ல. உங்க வண்டியில ரீஜென் முன்வீல்ல மட்டும்தான் இழுக்கும். ஈரத்துல அதிகமா வச்சுட்டு காலைப் பட்டுனு எடுத்தா முன்வீல் வழுக்கும், நடுவுல வச்சுட்டு காலை மெதுவா எடுங்க. இன்னொண்ணு, மேல 100 வரைக்கும் சார்ஜ் ஏத்திட்டு எறங்காதீங்க. பேட்டரி நெறஞ்சிருந்தா ரீஜென் சரியா இழுக்காது, பாரம் பூரா பிரேக்குக்குப் போயிரும்.

பெருந்துறை: ஸ்போர்ட் மோடுல போனா ஓவர்டேக் ஈசியா இருக்குமுங்களே?

மழையில மலை ரோட்டுல ஓவர்டேக் எதுக்குங்க? ஏறி வர்ற வண்டிக்கு வழி விட்டு நில்லுங்க.

பல்லடம்: டயர் 2018ல மாத்துனது, 25 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்குது, பட்டன் (டயர் மேல இருக்கற ரப்பர் கட்டை) நல்லா நிக்குது. எந்த மோடு போடலாமுங்க?

எந்த மோடும் வேண்டாமுங்க, மொதல்ல டயர மாத்துங்க. பட்டன் இருந்தாலும் ரப்பர் எறுகிப் போயிருக்கும், நகத்தால அழுத்திப் பாருங்க, புது டயர் மாதிரி அமுங்காது. பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2318ன்னு இருந்தா 2018ல 23ஆவது வாரம் செஞ்சது. பட்டன் சந்துக்குள்ள சின்ன மேடு இருக்கும், 1.6 மில்லிமீட்டர், அந்த மட்டத்துக்குத் தேஞ்சா சட்டப்படியே ஓட்டக்கூடாது, மழைக்கு நான் அதுக்கு ரொம்ப முன்னாடியே கழட்டச் சொல்லுவேன். மாத்திட்டு வாங்க, மோடு பத்திப் பொறவு பேசலாம்.