கைபேசி சமையலறையில் இருக்கட்டும்

மொரீஷியஸ் வாசகர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, மனம் ஒரு வேலையில் நிற்கவில்லை என்ற வருத்தத்தையே சொல்கின்றன. மூன்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மகன் எச்.எஸ்.சி. (மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ்) கடைசி ஆண்டு படிக்கிறான். வேதியியல் புத்தகத்தின் முன்னால் மணிக்கணக்கில் உட்காருகிறான், பக்கம் நகரவில்லை. கைபேசியைப் பிடுங்கினால் சண்டை. வாட்ஸ்அப்பில்தான் பாடக் குறிப்பு வருகிறது என்கிறான். என்ன செய்வது?
– ஒரு தாய், கட்ர் போர்ன்

பதில்: பிடுங்காதீர்கள் அம்மா. பிடுங்கிய பொருள் கையை விட்டுத்தான் போகும், மனத்தை விட்டுப் போகாது.

நான் சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சியவன். மூடிய கொப்பரைக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்து, எழுபது டிகிரிக்குப் பக்கத்திலேயே பாகைக் கொதிக்க வைப்போம். அது போதிய அளவு இறுகியதும் மிக நுண்ணிய சர்க்கரைத் துகளை விதையாக உள்ளே விடுவோம். அதற்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது. பாகு அளவுக்கு மேல் இறுகினால் வேண்டாத பொடிமணிகள், அதாவது மிகச் சிறிய சர்க்கரைப் படிகங்கள், தாமாக முளைத்துவிடும். தளர்ந்தால் விதைத்த மணியே கரைந்துபோகும். கொப்பரையின் பக்கவாட்டில் செருகிய பித்தளைக் கோலை இழுத்து, அதில் வரும் பாகைக் கண்ணாடித் துண்டில் தடவி விளக்குக்கு நேரே பிடிப்போம். மணிகள் ஒரே அளவில், விளிம்பு கூராகத் தெரிய வேண்டும். இடையில் தூசி போல ஏதாவது மினுங்கினால் பொடிமணி தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே தண்ணீர் விட்டு அதைக் கரைக்க வேண்டும். விட்டுவிட்டால், பின்னால் சுழல் இயந்திரத்தில் அந்தப் பொடி மணிகளின் இடுக்கை அடைத்துக்கொண்டு கழிவுப்பாகை வெளியேற விடாது. போ பிளானில் 1999இல் மூடிய ஆலை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. தேர்வு முடிந்ததும் மகனை அங்கே அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

அந்த வேலையில் நெடுநேரம் கண் விலகாமல் நிற்க முடிந்ததற்கு என் மன உறுதி மட்டும் காரணமில்லை. மணி பிடிக்கும் நேரத்தில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். மேலதிகாரி வந்தாலும் ஓரமாக நின்று காத்திருப்பார். ஆலை முழுவதும் அந்த நேரத்துக்கு மரியாதை தந்தது. உங்கள் மகனுக்கும் அந்த மரியாதை வேண்டும். “கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வா”, “பாட்டி பேசுகிறார், வா” என்று நாமும்தான் பிள்ளைகளை எழுப்புகிறோம். கூடத்தில் தொலைக்காட்சி வேறு. கைபேசியின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது.

தொடக்கத்தில் அரை மணி நேரம் போதும். அவன் கைபேசியும் உங்கள் கைபேசியும் சமையலறையில் ஒன்றாக இருக்கட்டும். டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கைபேசியை அடுத்த அறையில் வைத்தவர்கள் மேசைமேல் வைத்தவர்களைவிட நினைவு, சிந்தனைச் சோதனைகளை நன்றாகச் செய்தார்கள். இத்தனைக்கும் எல்லாக் கைபேசிகளும் ஒலி அடக்கப்பட்டவை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் செய்து பார்ப்பதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்த அரை மணியில் அத்தியாயத்தைப் புரட்ட வேண்டாம். ஒரே ஒரு கணக்கை, விடையைப் பார்க்காமல், தொடக்கம் முதல் முடிவு வரை அவனே போடட்டும். பாடக் குறிப்பு வருகிறது என்பது உண்மையாகவே இருக்கும். அதை இரவில் ஒருமுறை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: காவடி விரதத்தின் பத்து நாளும் என் மனம் கட்டுக்குள் இருக்கிறது. விரதத்தை முடிக்கும் ஏழு கறிச் சாப்பாடு முடிந்த மறுநாளே பழையபடி கைபேசியும் கையுமாக ஆகிவிடுகிறேன். என் பக்தி பொய்யா?
– ஓர் இளைஞர், ரோஸ் ஹில்

பதில்: பொய்யே இல்லை, தம்பி. அந்தப் பத்து நாளும் உங்களைத் தாங்கிப் பிடிப்பவர்களை நினைத்துப் பாருங்கள். வீட்டில் எல்லாருக்கும் சைவச் சமையல். நண்பர்கள் குடிக்கக் கூப்பிடுவதில்லை. மாலையானால் கோயில். தைப்பூசத்தன்று நாட்டுக்கே விடுமுறை. நாக்கில் அலகு குத்திய பிறகு பேச்சும் நின்றுவிடுகிறது. அந்த மௌனத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மலைக்கோயிலுக்கு ஏறுகிறவருக்குத் தோளில் பாரமும் காலுக்கு அடுத்த படியும் தவிர வேறெதுவும் இல்லை.

மறுநாள் இவை எல்லாம் ஒரே சமயத்தில் கலைந்துபோகின்றன. மனம் மட்டும் தனியாக நிற்க வேண்டும் என்றால் எப்படி நிற்கும்? விரதத்தை ஆண்டு முழுவதும் நீட்ட வேண்டாம், அதில் ஒன்றை மட்டும் கலையாமல் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு மாலை அதே நேரத்துக்கு, கைபேசியை வீட்டில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள். உங்களோடு காவடி எடுத்த ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் வாசலில் காத்திருப்பார் என்றால் நீங்கள் கட்டாயம் போவீர்கள்.

கேள்வி: எபென் நகரில் ஓர் அழைப்பு மையத்தில் வேலை. இரண்டு திரை, ஓயாத மின்னஞ்சல். ஒரே நேரத்தில் பல வேலை செய்வதுதான் திறமை என்கிறார்கள். மாலையில் தலை மரத்துப்போகிறது.
– ஒரு வாசகி, வாக்வா

பதில்: நீங்கள் ஒரே நேரத்தில் பல வேலை செய்யவில்லை அம்மா, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கிறீர்கள். முடிக்காமல் விட்ட வேலை மனத்தின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வேலையைக் கெடுக்கிறது என்று சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனால் அந்தப் பிடி தளர்கிறது என்பதை 2018இல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து கண்டார்கள். எங்கள் ஆலையில் இது பழைய வழக்கம். கொப்பரையில் எவ்வளவு பாகு, மணி எந்த அளவு, அடுத்து எப்போது பாகு விட வேண்டும் என்று பதிவேட்டில் எழுதாமல் யாரும் முறை மாற மாட்டோம்.

அழைப்பில் இருக்கும் நேரத்தில் மின்னஞ்சலுக்குப் பதில் எதிர்பார்க்க வேண்டாம் என்று மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காமல், பக்கத்து இருக்கையில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.