பீனிச ஒப்பரேஷனுக்குப் பிறகும் மூக்கில் சதை ஏன் திரும்ப வளர்கிறது?

அம்மாவுக்கு நாலு வருசத்துக்கு முதல் கொழும்பில் எண்டொஸ்கோப் மூலம் சதை எடுத்தார்கள், இப்போது மறுபடி மணம் தெரியவில்லை, ஒப்பரேஷன் பிழைத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அநேகமாக இல்லை. மூக்கின் உள்தோலில் ஓயாமல் இருக்கும் அழற்சிதான் சதையாகத் தொங்குகிறது. ஒப்பரேஷன் சதையை எடுக்கும், அழற்சியை எடுக்காது. இங்கிலாந்தில் 5 வருடம் கவனித்தபோது சதை இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மறு ஒப்பரேஷன் தேவைப்பட்டது. பெல்ஜியத்தில் ஒரு சிறு குழுவை 12 வருடம் பார்த்ததில் பத்தில் எட்டுப் பேருக்குச் சதை திரும்பியது. ஆனால் அவர்களில் பாதிப் பேருக்குக்கூட மறு ஒப்பரேஷன் தேவைப்படவில்லை. மணம் குறைவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. ஆகவே மூக்கு அடைக்கும்வரை காத்திருக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

ஒப்பரேஷனின் பெரிய பலன், மருந்து உள்ளே போக வழி திறப்பது. முன்பு அழற்சியைக் குறைக்கும் ஸ்பிரே மூக்கின் வாசலோடு நின்றுவிடும். இப்போது மூக்கைக் கழுவும் நீர் சைனஸ் அறைக்குள்ளேயே (மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகள்) போகும். அந்த வழியைப் பாவிக்காமல் விட்டால்தான் நஷ்டம்.

மூக்கைக் கழுவும் நீருக்கு: கொதித்து ஆறிய 240 மில்லிலீற்றர் நீரில் அயடீன் கலக்காத உப்பு அரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா ஒரு சிட்டிகை. அந்த உப்பு கிடைக்காவிட்டால் பாமசியில் சேலைன் போத்தல் வாங்கலாம். பைப் தண்ணீரை அப்படியே ஊற்றவே வேண்டாம். அபூர்வமாக மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறும். டொக்டர் எழுதித் தந்தால் 0.5 மில்லிகிராம் புடெசொனைட் (அழற்சியைக் குறைக்கும் ஸ்டீரொயிட் மருந்து) குப்பி ஒன்றை அதில் கலந்து, சிங்க்கின் மேல் நன்றாகக் குனிந்து, வாயால் மூச்செடுத்தபடி இரு பக்கமும் பாதிப்பாதியாக விடுங்கள். ஸ்பிரே மட்டும் என்றால் கழுவிய பிறகு, வலது மூக்குக்கு இடது கையால், நுனி காதுப்பக்கம் பார்க்க அடிக்க வேண்டும். நடுச்சுவரில் பட்டால் இரத்தம் கசியும். பலர் சுகம் கண்டதும் நிறுத்திவிடுகிறார்கள். திரும்ப வளர்வதற்கு நான் காணும் முக்கிய காரணம் இதுதான்.

அம்மாவுக்குத் தொய்வும் (ஆஸ்துமா) உண்டா? அஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் எடுத்தால் இழுப்பு வருமா? வந்தால் சதை இன்னும் வேகமாகத் திரும்பும், அந்த மாத்திரைகள் ஆபத்தும்கூட. இதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரையால் மணம் சில நாட்களில் திரும்பும். அதற்காக அடிக்கடி விழுங்கினால் சீனி ஏறும், எலும்பு தேயும். இவ்வளவும் செய்தும் அடங்காதவர்களுக்கு அழற்சியை அடக்கும் டுப்பிலுமாப் ஊசி இருக்கிறது, இரண்டு கிழமைக்கு ஒருமுறை. விலை மிக அதிகம் என்பதால் மறு ஒப்பரேஷனோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.